தொழில் இம்சை எங்கே முடிகிறது?

இல்லறத்தாருக்கு விதிக்கப்பட்ட கொல்லாமை வேறு, துறவியர் மேற்கொள்ளும் கொல்லாமை வேறு என்பதை நம் இல்லங்களில் சிறுவரும் அறிவர். துறவியர்க்கு அது மகாவிரதம்; நமக்கு அணுவிரதம். மனையறத்தில் நிற்பவர் அடுப்பு மூட்டாமலும் ஏர் பூட்டாமலும் வாழ இயலாது என்பதை உணர்ந்தே முன்னோர் இம்சையை நான்காக வகுத்தனர். கொல்லவேண்டும் என்றே எண்ணிச் செய்வது சங்கற்ப இம்சை. சமைத்தல், பெருக்குதல், வீடு கட்டுதல் முதலியவற்றால் நேர்வது ஆரம்ப இம்சை. பிழைப்புக்காகச் செய்யும் தொழிலில் நேர்வது உத்தியோக இம்சை. தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் காக்கும்போது நேர்வது விரோத இம்சை. இவற்றுள் முதலாவதை இல்லறத்தார் முற்றும் விடவேண்டும். ஏனைய மூன்றையும் இயன்றவரை குறைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வகுப்பில் இரக்கமும் உண்டு, கண்டிப்பும் உண்டு. இல்லறத்தாரால் இவ்வளவே இயலும் என்று இடங்கொடுக்கும் அதே நூலோர், வேண்டுமென்றே செய்யும் கொலைக்கு அணுவளவும் இடங்கொடுக்கவில்லை. ஆனால் மூன்றாவதாக நிற்கும் உத்தியோக இம்சையைக் குறித்து எனக்கு நெடுநாளாக ஓர் ஐயம் உண்டு. தம் தொழிலால் இன்ன தீங்கு, இன்ன இடத்தில், இன்னாருக்கு விளைகிறது என்று ஒருவர் திட்டமாக அறிந்துகொண்டார் என வைத்துக்கொள்வோம். அறிந்த பின்பும் அத்தொழிலை அவ்வாறே தொடர்கிறார். அப்போதும் அது உத்தியோக இம்சைதானா? அல்லது அறிந்த அன்றே அது சங்கற்ப இம்சையாக மாறிவிடுகிறதா?

உழவரை எடுத்துக்கொள்வோம். ஏர்முனையில் மண்புழு மாள்கிறது. உழவர் அதைக் கருதவில்லை, பெரும்பாலும் காண்பதுமில்லை. கண்டால், ஈரநெஞ்சுடையவராயின், ஏரைச் சற்று விலக்கிச் செலுத்துவார். மேலும் அவர் செய்யும் நன்மையும் தீங்கும் அவர் கண்ணெதிரே, அவர் வயலிலேயே கிடக்கின்றன. மண் கெட்டால் முதலில் பசிப்பது அவர் வீடு. குயவர், தச்சர், கைத்தறி நெசவாளர் ஆகியோர் தொழிலும் பெரும்பாலும் இத்தகையதே. இவற்றைக் கண்முன் நிறுத்தியே உத்தியோக இம்சை என்னும் வகுப்பு செய்யப்பட்டது என்பது என் கருத்து. அக்காலத்திலும் பெரியோர் எல்லாத் தொழிலையும் ஒன்றாகக் கருதிவிடவில்லை. இல்லறத்தார் விலக்கவேண்டிய பதினைந்து தொழில்கள் என்று சிராவக ஒழுக்க நூல்கள் சில கூறும் பட்டியலில், நஞ்சு விற்றல், காட்டுக்குத் தீயிடல், எந்திரத்தில் இட்டுப் பிழிதல் ஆகியவற்றோடு ஏரி குளங்களை வற்றச் செய்தலும் இடம்பெற்றிருக்கிறது. நீர்நிலையைக் கெடுப்பவர் ஓர் உயிரையன்று, அதனுள் வாழும் எண்ணிறந்த உயிர்களை ஒருங்கே கெடுக்கிறார் என்பதை அவர்கள் கண்டிருந்தனர்.

ஆலைத் தொழிலோ உழவரை அளந்த கோலுக்குள் அடங்குவதில்லை. செய்பவர் ஓரிடத்தில் இருக்கிறார், தீங்கு மற்றோரிடத்தில் நேர்கிறது. இன்று செய்தது பத்தாண்டு கழித்து விளைகிறது. இவற்றினும் சிக்கலானது, செய்பவர் ஒருவரல்லர் என்பது. ஆயிரம் பேர் சேர்ந்து செய்த தீங்கில் என் பங்கு ஆயிரத்தில் ஒன்றுதானே என்று ஒவ்வொருவரும் கூறும்போது, பழி யார் தலையிலும் இறங்காமல் அந்தரத்தில் நின்றுவிடுகிறது.

இச்சிக்கலை எனக்குத் தெளிவாக எடுத்துக்காட்டியது ஒரு கணிப்பொறி விளையாட்டு என்றால் வாசகர் நகைக்கக்கூடும். கணிப்பொறி விளையாட்டுகளின்மேல் எனக்குப் பெருமதிப்பு ஒன்றுமில்லை. அவற்றுள் பெரும்பாலானவை சுடுவதும் வெட்டுவதுமே. விளையாட்டாகக் கொல்வதும் மனத்தளவில் கொலைப் பயிற்சியே என்பது என் உறுதியான எண்ணம். ஆயினும் கல்லூரியில் பயிலும் என் பேரன் விடுமுறையில் தன் நண்பர்களுடன் ஆடிய விளையாட்டு அவ்வகையினதன்று. அமெரிக்காவில் சியாட்டில் நகரிலுள்ள ஸ்ட்ரேஞ்ச் லூப் கேம்ஸ் என்னும் நிறுவனம் உருவாக்க, 2018ஆம் ஆண்டு முதல் மக்கள் கைக்கு வந்தது அது. வகுப்பறையிலும் பயன்படும் என்பதால் அந்நாட்டுக் கல்வித்துறை பொருளுதவி செய்திருக்கிறது. பெயர் ‘ஈக்கோ’. சூழலியலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முற்பகுதி அது. தமிழில் எழுதும்போது, தன்முனைப்பைக் குறிக்கும் ‘ஈகோ’வுக்கும் இதற்கும் ஓர் ஒற்றெழுத்தே வேறுபாடு. விளையாட்டைப் பார்த்த பின் அந்த ஒற்றும் தேவைதானா என்று தோன்றியது.

பலர் தத்தம் வீட்டிலிருந்தபடியே கூடி ஆடும் விளையாட்டு இது. காடும் ஆறும் கடலும் விலங்குகளும் கொண்ட ஒரு சிறிய உலகத்தில் அனைவரும் குடியேறுகின்றனர். வானத்தில் ஒரு விண்கல் தெரிகிறது. வழக்கமான அமைப்பில் அது வந்து மோத 30 நாள் ஆகும். நம் நாட்காட்டியில் கழியும் மெய்யான முப்பது நாள். அதற்குள், கல்லும் மரமுமாகத் தொடங்கிய குடியேற்றம் இரும்பு, செம்பு, எந்திரம் என்று படிப்படியாக வளர்ந்து, ஒளிக்கற்றைக் கருவி செய்து அவ்விண்கல்லைச் சிதைக்கவேண்டும். தொழில் வளராவிட்டால் விண்கல் உலகை அழிக்கும். தொழிலை மட்டுமே வளர்த்தால் விண்கல் வருமுன்னரே உலகம் பாழாகும். உலைகளின் புகை மிகுந்தால் வெப்பம் உயர்ந்து கடல்மட்டம் ஏறும். கனிமத்திலிருந்து உலோகத்தைப் பிரிக்கும்போது எஞ்சும் கழிவை நிலத்தின்மேல் குவித்துவைத்தால், அதன் நஞ்சு மண்ணில் பரவிச் சுற்றியுள்ள செடிகொடிகளைக் கெடுக்கும். ஆழத் தோண்டிப் புதைத்தால் கேடு குறையும். ஒருவரே எல்லாத் தொழிலிலும் தேர்ச்சி பெறுதல் எளிதன்று. எனவே ஒருவர் உழவர், ஒருவர் கொல்லர், ஒருவர் கொத்தனார் என்று பிரிந்து, ஒருவர் விளைத்ததை மற்றவர் உண்டு உழைக்கின்றனர். வேட்டைத் தொழிலும் அதில் உண்டு. அதைத் தான் எடுக்கவில்லை என்று பேரன் நான் கேளாமலே கூறினான்.

ஒன்பது பேர் ஆடினார்கள். அவர்களுள் எழுவர் உலை வைத்தனர். ஒவ்வொருவரும் கழிவைத் தத்தம் வீட்டுப் புறத்திலேயே குவித்தனர். மூன்றாம் வாரத்தில், உழவுத் தொழிலை ஏற்றிருந்த பெண்ணின் கோதுமை கருகத் தொடங்கியது. நிலத்தில் நஞ்சு எங்கெங்குப் பரவியிருக்கிறது என்பதை வரைபடமாகக் காட்டும் வசதி அவ்விளையாட்டிலேயே உண்டு. அவள் அதை அனைவருக்கும் எடுத்துக்காட்டினாள். அப்போது ஒலிபெருக்கி வழியே அவர்கள் பேசிக்கொண்டது என் செவியிலும் விழுந்தது. “என்னிடம் இரண்டு குவியல்தானே இருக்கிறது” என்றான் ஒருவன். “நான் ஆற்றுக்குத் தள்ளித்தான் வைத்திருக்கிறேன்” என்றான் மற்றொருவன். “குழி தோண்டினால் ஒரு நாள் போய்விடும், விண்கல்லுக்கு இன்னும் பதினோரு நாள்தான் இருக்கிறது” என்றான் மூன்றாமவன். “நான் விளைத்ததைத் தின்றுதானே நீங்கள் எல்லாரும் உலை ஊதுகிறீர்கள்?” என்று அந்தப் பெண் கேட்டாள். சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை.

முதலாமவன் கூறியது பொய்யன்று என்பதே இதில் கருதத்தக்கது. அவனுடைய இரண்டு குவியல் மட்டும் இருந்திருந்தால் கோதுமை கருகியிருக்காது. அவன் அவற்றை அகற்றினாலும், ஏனைய அறுவர் அகற்றாவிட்டால், கோதுமை பிழைக்கப்போவதில்லை. ஆகவே விளைவைக் கொண்டு பார்த்தால் அவன் செய்ததும் ஒன்றே, செய்யாததும் ஒன்றே. குளத்தில் ஆளுக்கொரு குடம் பால் ஊற்றச் சொன்ன அரசனின் கதையை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். எல்லாரும் பால் ஊற்றும்போது நாம் ஒரு குடம் நீர் ஊற்றினால் யாருக்குத் தெரியும் என்று ஒவ்வொருவனும் எண்ணினான். விடிந்து பார்த்தால் குளம் முழுவதும் நீர். தொடக்கப் பள்ளியில் அக்கதையை நேர்மைக்குச் சான்றாகக் கற்பிக்கிறோம். அதில் இன்னும் ஆழமான செய்தி ஒன்று உண்டு. ஒவ்வொருவன் குற்றத்தையும் தனித்தனியே நிறுத்துப் பார்த்தால் எடை இல்லை. ஆனால் குளத்தில் பால் இல்லை. ஆதலால் நிறுக்கும் தராசிலேதான் பிழை இருக்கவேண்டும்.

நம் நூல்கள் வேறொரு தராசைக் கொடுத்திருக்கின்றன. உயிருக்கு வெளியே நேரும் கேட்டைத் திரவிய இம்சை என்றும், செய்பவர் உள்ளத்தில் நிகழும் கேட்டைப் பாவ இம்சை என்றும் அவை பிரிக்கின்றன. கவனமின்மையோடு கூடிய செயலால் உயிர்க்கு ஊறு நேர்வதே இம்சை என்பது அவற்றின் இலக்கணம். மருத்துவர் விழிப்போடு அறுத்தும் நோயாளி இறந்தால் அவர் மேல் கொலைப்பழி இல்லை; இருட்டில் கயிற்றைப் பாம்பென்று எண்ணி அடித்தவருக்கு, பாம்பு சாகவில்லையாயினும் வினை உண்டு. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றும் மனம், மொழி, மெய் ஆகிய மூன்றோடும் கூடி ஒன்பதாக விரியும். உடன்பட்டவரையும் செய்தவரோடு சேர்த்து எண்ணும் இந்தக் கணக்கில், ‘என் பங்கு ஏழில் ஒன்று’ என்னும் வகுத்தலுக்கே இடமில்லை. எழுவர் சேர்ந்து செய்த வினை ஏழாகப் பிரிவதில்லை. எழுவரையும் அது முழுதாகவே சாரும். வரைபடத்தைப் பார்க்கும்வரை அந்த இளைஞர்கள் செய்தது உத்தியோக இம்சை. பார்த்த பின்பும் குவியலை அப்படியே விட்டுவைத்திருந்தால், அதற்கு அந்தப் பெயர் பொருந்தாது என்பதே என் முடிவு. அவர்கள் அன்றிரவே குழி தோண்டினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விளையாட்டை விட்டு மெய்யான ஓர் ஆற்றுக்கு வருவோம். கோவைக்கு மேற்கே வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றி, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலப்பது நொய்யல். திருப்பூரின் பின்னலாடைத் தொழில் வளர வளர ஆற்றை அடுத்துச் சாய ஆலைகளும் பெருகின. பருத்தித் துணியில் சாயம் நன்கு பற்றுவதற்கு உப்பு மிகுதியாக வேண்டும். சாயத்தின் பெரும்பகுதி துணியோடு போகிறது. உப்போ ஏறக்குறைய முழுவதும் கழிவுநீரோடு வெளியேறுகிறது. 1992ஆம் ஆண்டு ஒரத்துப்பாளையம் அணை பயன்பாட்டுக்கு வந்தது. ஏறத்தாழ 20,000 ஏக்கருக்குப் பாசனம் தருவது அதன் நோக்கம். சில ஆண்டுகளுக்குள்ளேயே அதில் தேங்கியது பெரும்பாலும் சாயக்கழிவு நீராயிற்று. கிணறுகள் உவர்த்தன, பயிர்கள் கெட்டன. பாசனத்துக்கென்று கட்டிய அணையின் நீரைத் திறந்துவிட வேண்டாம் என்று உழவரே வேண்டிக்கொள்ளும் நிலை வந்தது. உலகில் வேறெங்கேனும் உழவர் அவ்வாறு வேண்டியதுண்டோ?

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைக்கப்படாமலில்லை. தொடக்கத்தில் அமைந்தவை நிறத்தைக் குறைத்தன; கரைந்த உப்பை நீக்கும் ஆற்றல் அவற்றுக்கில்லை. வெளியேறும் நீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்னும் வரையறை ஏட்டில் இருந்தது. கண்ணுக்கு நிறம் மறைந்ததும் கடமையும் முடிந்ததுபோல் தோன்றிவிட்டது. 2003ஆம் ஆண்டு நொய்யல் ஆயக்கட்டு உழவர்களின் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகிற்று. 2006 திசம்பரில் நீதிமன்றம், ஆலைகள் வெளியேற்றும் கழிவுநீருக்கு லிட்டருக்கு 6 பைசா முதல் 10 பைசா வரை படிப்படியாக உயரும் தண்டத்தை விதித்தது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைத் தரவேண்டும் என்பதை 2009ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அப்போதும் கழிவு நிற்கவில்லை. 2011 சனவரி 28 அன்று, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியேற்றாத நிலையை எட்டும்வரை சாய ஆலைகள் அனைத்தையும் மூடுமாறு உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. எழுநூறுக்கு மேற்பட்ட ஆலைகள் மூடப்பட்டன. அணை வந்த 1992க்கும் ஆலைகள் மூடப்பட்ட 2011க்கும் இடையே 19 ஆண்டுகள்.

விளையாட்டில் ஓர் இரவில் முடிந்த செய்தி இங்கே ஒரு தலைமுறைக் காலம் இழுத்ததற்குக் காரணம், திருப்பூர் மக்கள் தீயவர்கள் என்பதன்று. அந்தப் பெண் அதே உலகில், அதே பேச்சுக்குள் இருந்தாள். அவள் விளைத்த கோதுமையை உண்டுதான் உலையூதியவர்கள் உயிர்வாழ்ந்தனர். ஒரத்துப்பாளையத்து உழவரோ ஆற்றின் போக்கில் கீழே இருந்தார். மேலே இருப்பவர் கீழே இருப்பவர் வீட்டு நீரைக் குடிப்பதில்லை. விளையாட்டின் உலகத்துக்கு வெளி என்று ஒன்றில்லை. நம் உலகத்தில் எப்போதும் ஓர் ‘அடுத்த மாவட்டம்’ இருக்கிறது. திருப்பூரில் ஆலைகள் மூடப்பட்டபோது வேறு மாவட்டங்களில் மறைவாகச் சாயமேற்றல் நடைபெற்றதாகச் செய்திகள் வந்ததையும் நினைவுகூரலாம்.

பொதுவில் உள்ளதை ஒவ்வொருவரும் தம் ஆதாயத்துக்குப் பயன்படுத்தினால் பொது அழியும் என்று காரட் ஹார்டின் என்னும் அமெரிக்க அறிஞர் 1968ஆம் ஆண்டு எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது. அது எப்போதும் அவ்வாறு ஆவதில்லை, கூடி விதிசெய்து காத்துவரும் ஊர்கள் பல உண்டு என்று மெய்ப்பித்தவர் எலினார் ஆஸ்ட்ரம் என்னும் பெண்மணி. பொருளியலில் நோபல் பரிசு பெற்ற முதற்பெண் அவரே, ஆண்டு 2009. நம் பகுதிக் கண்மாய்களை அறிந்தவர்க்கு இது புதிதன்று. மடையைத் திறக்கவும் அடைக்கவும் ஊரார் அமர்த்திய நீர்பாய்ச்சியும், கோடையில் வீட்டுக்கு ஓராள் வந்து கரையையும் வாய்க்காலையும் செப்பனிட்ட குடிமராமத்தும் அவ்வழிப்பட்டவையே. ஆனால் அங்கே தவறியவர் மறுநாள் காலையில் அயலார் முகத்தில் விழித்தாகவேண்டும். அந்த அச்சமே பாதிக் காவல்.

விளையாட்டிலும் சட்டம் உண்டு. கூடி வாக்களித்துத் தலைவரைத் தேர்ந்தெடுக்கலாம்; கழிவை இன்ன இடத்தில் வைக்கலாகாது என்று விதி செய்யலாம். விதித்துவிட்டால் கணிப்பொறியே அதனைக் காக்கிறது. விலக்கிய செயலைச் செய்ய முயன்றாலும் கை ஓடாது. காவலர் வேண்டா, வழக்கறிஞர் வேண்டா, பத்தொன்பது ஆண்டு வேண்டா. இதைக் கண்டு முதலில் மகிழ்ந்தேன். பின்னர் ஆசிரியையின் மனம் தயங்கிற்று. செய்ய இயலாததைச் செய்யாதிருப்பது விரதமாகுமா? பூட்டிய அறைக்குள் இருப்பவன் திருடவில்லை என்று அவனைப் புகழ்வோமா? விரதம் என்பது செய்ய இயன்றும் செய்யாதிருத்தல். ஆயினும் இந்தத் தயக்கத்தை நான் நெடுநேரம் பேணவில்லை. நம் மனத்தூய்மைக்காக ஒரத்துப்பாளையத்தார் இன்னும் ஒரு தலைமுறை உவர்நீர் குடிக்கவேண்டும் என்று கேட்க எவருக்கும் உரிமையில்லை. கீழே இருப்பவரைக் காப்பது சட்டத்தின் வேலை. மேலே இருப்பவரின் உயிரைக் காப்பதே விரதத்தின் வேலை. இரண்டையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதால்தான், சட்டம் வரட்டும் பார்க்கலாம் என்று நல்லவர்களும் காத்திருக்கிறார்கள்.

அந்த 6 பைசாவைப் பற்றியும் ஒரு சொல். அதனை விதித்த நீதிமன்றத்தின் நோக்கம், கேட்டைச் சரிசெய்யப் பொருள் திரட்டுவதும் தவற்றை அடக்குவதுமே. ஆனால் கட்டுகிறவர் மனத்தில் தண்டம் எளிதில் கட்டணமாகிவிடுகிறது. கொடுத்துவிட்டோம் அல்லவா, இனி ஊற்றலாம் என்று தோன்றிவிடுகிறது. நம் ஒழுக்கத்தில் பிரதிக்கிரமணம் என்பது செய்த பிழையை நினைந்து மீள்வது; அதன் இணையாகப் பிரத்தியாக்கியானம் என்று ஒன்று உண்டு, இனிச் செய்யேன் என்று விடுவது. முன்னதை மட்டும் செய்து பின்னதை விட்டவர், நாளைக்கும் சேர்த்து இன்றே மன்னிப்பு வாங்கி வைத்துக்கொள்கிறவர் ஆகிறார். 2006க்கும் 2011க்கும் இடையே நொய்யலில் நேர்ந்தது ஏறத்தாழ இதுவே.

இராசபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் வாழும் நமக்கு இவையெல்லாம் அயலூர்க் கதையாகத் தோன்றலாம். நாம் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஆற்றின் தலைமாட்டில் இருப்பவர்கள். இராசபாளையத்தின் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துக்கு வருவது மலையிலிருந்து இறங்கும் முதல் நீர். மேலுள்ள காடு திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகமாக 2021ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. நம் ஊரின் பெருந்தொழிலாகிய நூற்பு, சாயத்தொழில்போல் நீரைக் கெடுப்பதன்று. அதன் தீங்கு பஞ்சுத்தூசி, அதுவும் பெரும்பாலும் ஆலைக்குள் உழைப்பவர் நெஞ்சில்தான் படிந்தது. ஆகவே நாம் கை கழுவிக்கொள்ளலாம் என்றால், இங்கே நூற்ற நூல் எங்கே போகிறது? அதில் ஒரு பகுதி திருப்பூருக்குத்தான் போகிறது. இங்கே வெள்ளையாகப் புறப்பட்டது அங்கே நீலமும் சிவப்புமாகி, பனியனாக நம் கடைவீதிக்கே திரும்புகிறது. இடையில் கழற்றிவைத்துவிட்டு வந்த உப்புதான் ஒரத்துப்பாளையத்தில் தங்கியது. நூற்றவர், சாயமேற்றியவர், விற்றவர், உடுத்தவர் என்று இந்தச் சங்கிலியில் செய்தவர் யார், செய்வித்தவர் யார், உடன்பட்டவர் யார் என்று பிரித்துப் பாருங்கள். பெரும்பாலோர்க்கு ஏதேனும் ஓரிடம் கிடைக்கும். இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் மருத்துவத் துணி இன்னும் நுட்பமான செய்தி. புண்ணுக்குக் கட்டும் துணியைக் காட்டிலும் கருணையுள்ள பொருள் வேறில்லை. ஆனால் அது வெண்மையாகவேண்டுமானால் காரமும் வெளுப்பு மருந்தும் நிறைய நீரும் வேண்டும். அந்த நீர் எங்கே போகிறது என்று கேட்பது துணியின் கருணையைக் குறைப்பதாகாது.

என் தாயார் காலையில் கிணற்று நீரை இறைத்தவுடன் இருமடித் துணியில் வடிகட்டுவார். வடிகட்டிய பின் துணியைத் திருப்பிப் பிடித்து, அதே நீரை விட்டு அலசி, அந்த அலசல் நீரை அதே கிணற்றில் மெல்ல இறக்கிவிடுவார். வேறு கிணற்றில் விடலாகாது, தரையில் கொட்டலாகாது. நுண்ணுயிர் எந்த நீரில் பிறந்ததோ அந்த நீரிலேயே அது வாழும் என்பது காரணம். நம் இல்லங்கள் பலவற்றில் வடிகட்டும் வழக்கம் நிற்க, திருப்பி விடும் வழக்கம் மறைந்தது. நல்ல பாதி நமக்கானது, மற்றப் பாதி உயிர்களுக்கானது. மறைந்தது எந்தப் பாதி என்பதை நோக்குக. 2011க்குப் பின் திருப்பூர் கற்றுக்கொண்டதும் ஒருவகையில் இந்த இரண்டாம் பாதியே. சவ்வு வழியே நீரை வடித்து அதே ஆலைக்கே திரும்பச் செலுத்துகிறார்கள். எஞ்சிய உவர்நீரைக் காய்ச்சி உப்பாக்கி, அதில் ஒரு பகுதியை மீண்டும் சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள்.

எனினும் மூன்றாம் இளைஞன் எழுப்பிய கேள்வி நிற்கிறது. விண்கல் வருகிறதே, என்ன செய்வது? திருப்பூரில் ஆலைகள் மூடப்பட்ட மாதங்களில் வேலையிழந்தவர் ஆயிரக்கணக்கானோர். நம் தென் மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்றவர்களும் அவர்களுள் இருந்தனர். பசி மெய்யான விண்கல்தான். அதை அறியாமல் எல்லா உலையையும் அணையுங்கள் என்று சாய்வு நாற்காலியிலிருந்து கூறுவது அறமாகாது. தொழிலே வேண்டா என்பது துறவியர் வழி. அவர்களையும் தொழில் செய்யும் இல்லறத்தாரே உணவளித்துப் போற்றுகின்றனர். ஆனால் ஒவ்வொருவரும் தம் ஆதாயத்தையே விண்கல் என்று அழைக்கத் தொடங்கிவிட்டால் என்ன செய்வது? தொழிலாளியின் கூலி விண்கல். துணியின் விலை ஐந்து ரூபாய் குறைந்திருக்கவேண்டும் என்னும் வாங்குவோர் ஆசை விண்கல் அன்று. கடல் கடந்த கடைக்காரர் அடித்துப் பேசும் விலையும் அன்று. அந்தக் குறைந்த விலையை இத்தனை ஆண்டுகளாக உண்மையில் செலுத்தி வந்தவர் ஒரத்துப்பாளையத்து உழவர். கழிவை வெளியேற்றாத முறைக்குச் செலவு மிகுதிதான். ஆயினும் திருப்பூர் அதனால் அழிந்துவிடவில்லை, அதன் ஏற்றுமதி பின்னர் வளர்ந்தே வந்திருக்கிறது. இயலாது என்று 19 ஆண்டு கூறியது இயன்றது.

முழுதும் இயன்றதா என்றால், இல்லை. பேரனும் நண்பர்களும் குறித்த நாளுக்கு முன்பே விண்கல்லை உடைத்து, மறுநாளே வேறொரு புதிய உலகத்தில் குடியேறிவிட்டார்கள். பழைய உலகத்தில் புதைத்த கழிவைப் பற்றி அவர்கள் பின்னர்ப் பேசவில்லை. திருப்பூரில் உவர்நீரைக் காய்ச்சிய பின், மீண்டும் பயன்படாத கலப்பு உப்பு எஞ்சுகிறது. ஆற்றில் கரைக்க இயலாது, நிலத்தில் கொட்ட இயலாது. சாக்குகளில் கட்டி, சுத்திகரிப்பு நிலையங்களின் கிடங்குகளில் ஆண்டுக்கணக்காக அடுக்கிவைக்க நேர்ந்தது. உப்பு நீரில் கரையும் பொருள். ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னும் அந்தக் கிடங்கின் கூரையை யாரேனும் ஒருவர் ஏறிப் பார்க்கவேண்டியிருக்கிறது.